மெல்லிய காற்றில் ஆண்டவர்

"சர்வேசுரன் என் மன்றாட்டைக் கேட்டாரா?" என்று மனம் சோரும் நாட்கள் நமக்கு உண்டு. எலியாஸ் தீர்க்கதரிசிக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஜெசபேல் அரசிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டார் (1 அரசர்கள் 19). ஆண்டவர் அரசியை உடனே அழிக்கவில்லை. சம்மனசின் மூலம் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். இருமுறை உண்டு, அந்தப் பலத்தால் 40 நாள் நடந்து எலியாஸ் ஓரேப் மலை சேர்ந்தார். அங்கே பெருங்காற்றிலும், பூமியதிர்ச்சியிலும், நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. பின்வந்த மெல்லிய காற்றின் ஓசைக்குப்பின் அவர் குரல் கேட்டது. அக்குரல் அவரைத் திரும்பவும் வேலைக்கே அனுப்பியது.

இதுவே அடையாளம். துன்பம் நீங்காதிருக்கலாம், இன்றைய கடமைக்குப் போதிய பலம் வரும். வியாதிக்காரர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவரும் அயலாரும், அழுது ஜெபித்தபின் வரும் அமைதியும் அந்த அப்பமே. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் நம்மில் வளர்வதையே அர்ச். இஞ்ஞாசியார் ஆறுதல் என்கிறார்.

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும், "இன்று நாம் பெற்ற அப்பம் எது?" என்று பிள்ளைகளோடு சிந்தித்து, ஆண்டவருக்கு நன்றி சொல்வோமாக.