தாழப் பறத்தல்

திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே சூலூரில் இந்திய விமானப் படையின் தளமொன்று உளது. ஆங்கெழும் விமானங்களைக் கண்டு, 'யாமும் ஒருநாள் பறப்போமோ' என ஏங்காத மாணவர் சிலரே. அவ்வாசை நன்று. ஆயினும், அதனோடு கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு.

1980-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாட் காலை, அந்நாட் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் இளைய மகனும், அமேதித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமாகிய சஞ்சய் காந்தி, டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தினின்று 'பிட்ஸ்' என்னும் ஈரடுக்குச் சிறகுடைய சிறு விமானத்திற் கிளம்பினார். உடன் மற்றொரு விமானியும் இருந்தார். வான வித்தைகளுக்கென்றே அமைந்த விமானம் அது. நகரின்மேல் தாழ்ந்து வித்தை புரிகையில் அது கட்டுக்கடங்காது வீழ்ந்தது. இருவரும் உயிர் துறந்தனர். சஞ்சய்க்கு வயது 33.

தாழப் பறத்தல் ஏன் இத்துணைக் கேடுடையது? விமானச் சிறகு காற்றைச் சற்றே சாய்ந்து எதிர்கொள்வதால் மேலேந்தும் விசை பிறக்கின்றது. அச்சாய்வு ஏறத்தாழ 15 பாகையைக் கடப்பின், சிறகின் மேற்புறத்தை ஒட்டியோடும் காற்று பிரிந்துபோம். ஏந்துவிசை சட்டெனக் குன்றும். பக்கவாட்டில் 60 பாகை சாய்ந்து, உயரங் குறையாது திரும்பும் விமானத்தின் சிறகுகள் அதன் எடையைப்போல் இருமடங்கு சுமத்தல் வேண்டும். நேரே செல்லுங்கால் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஏந்துவிசை குன்றும் விமானம், அவ்வாறு திரும்புங்கால் 85 மைல் வேகத்திலேயே அந்நிலையெய்தும்.

இதற்குப் பரிகாரம் யாது? மூக்கைத் தாழ்த்தி வேகம் பெறுதலே. அதற்கு விலையாகச் செலுத்த வேண்டியது உயரம். தரையண்மையிலோ, அச்சமுற்ற கை மூக்கை மேலிழுக்கவே விரையும். அதனாற் கேடு மிகும். தடையின்றி வீழும் பொருள் 500 அடியைக் கடக்க ஐந்தரை வினாடியே செல்லும். அதற்குள் பிழையை உணர்தலும் திருத்தலும் முடிதல் வேண்டும்!

நம்மூர்ப் பனியன் ஆலைகளில் நூலறுந்தவுடன் பின்னற் பொறி தானே நிற்பதைக் கண்டிருப்பீர். தொழிலாளி அமைதியாக முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவார். வானத்தில் நின்று முடிச்சிட இயலாது. ஆண்டு நமக்குள்ள அவகாசமெல்லாம் உயரமே. உயர்ந்து பறப்பவன் பிழை செய்யினும் பிழைப்பான். தாழப் பறப்பவனோ ஒரு பிழையும் செய்தலாகாது. பிழையே செய்யாத மனிதர் யாருளர்?

நண்பர்களே! காண்போர் வியக்கவேண்டுமென்னும் விருப்பமே இளைஞரைத் தரையை நோக்கி இழுப்பது. மோட்டார் சைக்கிளில் விரைவோர்க்கும் இஃதொக்கும். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் கோழைமையின்பாற் சேர்த்திலர், அறிவுடைமையின்பாற் சேர்த்தார். திறமையை ஒருவன் காட்டுமுன், தவறினால் மீளுதற்கு இடம் வைத்துளனா எனத் தன்னைத்தானே வினவுக. அவ்விடத்தை விட்டுவைப்பதும் திறமையே.