பயிற்றையில் அழுக்கணவன்: மருந்து தெளிக்கும் காலமும் தெளிக்கலாகாத காலமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் மேற்கே நெல்வயலும் கடலோரமாக மணற்பாங்கான மரக்கறித் தோட்டமும் வைத்திருக்கும் கமக்காரர் பலர் உளர். அத்தோட்டங்களில் கிணற்று நீர் இறைத்துச் செய்யப்படும் பயிர்களுள் பயிற்றை ஒன்றாகும். விரைவிற் பலன் தருவது. ஒரு கொடி பல வாரங்களுக்குக் காய்ப்பது. இப்பயிரைப் பெரிதும் வருத்தும் பூச்சி அழுக்கணவன். தமிழ்நாட்டார் இதனை அசுவினி என்பர். கரிய நிறமும் கடுகளவு உடலும் கொண்ட இப்பூச்சிகள் இளந்தளிரிலும் பூங்காம்பிலும் பிஞ்சிலும் அடையடையாய் அப்பியிருப்பதைக் காணாத பயிற்றைத் தோட்டம் அரிது.

அழுக்கணவன் பெருகும் வகை வியப்புக்குரியது. எம் போன்ற வெப்ப நாடுகளில் இப்பூச்சிகளுள் ஏறக்குறைய யாவும் பெண்களே. ஆணோடு சேராமலே அவை குஞ்சு ஈனுகின்றன, முட்டையிட்டுக் காத்திருப்பதில்லை. பிறந்த குஞ்சு ஏறக்குறைய ஒரு கிழமையில் முதிர்ந்து தானும் குஞ்சு ஈனத் தொடங்கும். ஆகவே திங்கட்கிழமை ஒரு தளிரிற் கண்ட சில பூச்சிகள் அடுத்த கிழமைக்குள் பாத்தி முழுவதும் பரவிவிடுதல் இயல்பே. ஓரிடத்தில் நெருக்கம் மிகுந்ததும் சிறகுள்ள பூச்சிகள் தோன்றி வேறு கொடிகளுக்குப் பறந்து செல்லும். மாரியின் கடுமழை இவற்றை அடித்துக் கழுவிவிடும். மழை ஓய்ந்து தை, மாசியில் வெயில் ஏறும்போதே தொல்லை மிகுகிறது. யூரியாவை அளவுக்கு மேல் இட்டுக் கொடியை மதர்க்கச் செய்தலும் இப்பூச்சிக்கு விருந்து வைத்தலை ஒக்கும்.

இப்பூச்சி ஊசி போன்ற வாயினாற் சாற்றை உறிஞ்சுகிறது. தளிர் சுருளும், பூ உதிரும், பிஞ்சு கோணும். இது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அந்நீரின்மேற் கரும்பூஞ்சணம் படரும். கொடியில் எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால் மேலே அழுக்கணவன் உண்டென்று அறியலாம். இவையனைத்திலும் பெரிய தீங்கு மற்றொன்று உண்டு. இலையிற் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் மாறும் சித்திரவடிவ வைரசு நோயை ஒரு கொடியிலிருந்து மற்றொரு கொடிக்குக் கொண்டு செல்வதும் இப்பூச்சியே. வாயூசியைச் சிறிது நேரம் ஊன்றினாலே நோய் தொற்றிவிடுமாதலின், மருந்து தெளித்து இந்நோயைத் தடுத்தல் இயலாது. நோய்கண்ட இளங்கொடியைக் கண்டவுடன் பிடுங்கி எரித்தலே வழி. விதையின் மூலமும் இந்நோய் பரவுமாகையால், நோயற்ற கொடியிலிருந்தே விதைக்காய் விடுதல் வேண்டும்.

இனி, எப்போது மருந்து தெளிக்கலாம் என்பதைப் பார்ப்போம். கோவாவை ஒரு முறையே வெட்டுகிறோம். நெல்லை ஒரு முறையே அரிகிறோம். பயிற்றையோ அவ்வாறன்று. காய்க்கத் தொடங்கியபின் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒரு முறை பறித்தல் வேண்டும். பிந்தினாற் காய் வெளிறிப் பஞ்சாகிவிடும். எந்த மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிலும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாமென்ற காத்திருப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். ஏழு நாள், பதினான்கு நாள் என்று அதிற் காணின், அத்தனை நாளும் பறித்த காய் முழுவதையும் வீசிவிட எக்கமக்காரர் இணங்குவார்? செவ்வாய்க்கிழமை தெளித்து வியாழக்கிழமை பறித்தால், அந்நஞ்சு சந்தைக்குப் போகிறது. மிச்சம் வீட்டு அடுப்புக்கு வருகிறது. பிள்ளைகள் பயிற்றங்காயைப் பச்சையாகவே கடித்துத் தின்பதும் நாம் அறிந்ததே. ஆகையால், பயிற்றையில் நச்சு மருந்துக்கு உரிய காலம் பூக்குமுன் உள்ள காலமேயாகும். விதைத்து ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு கிழமைகளில் கொடி பூக்கும். அதற்குப்பின் நச்சு மருந்தை விட்டு வேறு வழிகளையே கையாளுதல் வேண்டும்.

அதற்குமுன்னும் கண்டவுடன் தெளித்தல் கூடாது. கிழமைக்கு இரு முறை தோட்டத்தைச் சுற்றி வந்து, ஆங்காங்கே இருபது கொடிகளின் தளிரையும் இலையின் கீழ்ப்புறத்தையும் பார்க்க. ஒரு சில கொடிகளில் மட்டும் பூச்சியிருப்பின் அத்தளிரை விரல்களால் நசுக்கிவிடலாம், அல்லது கிள்ளிச் சவர்க்கார நீரில் இடலாம். கூடவே அங்கு பொறிவண்டு உண்டா என்பதையும் நோக்குக. செம்மஞ்சள் முதுகிற் கறுப்பு வரிகள் கொண்ட சிறு வண்டு இது. இதன் புழு கருமையாய், முதலைக் குட்டியைச் சிறிதாக்கியது போல இருக்கும். பார்வைக்குக் கொடியது போலத் தோன்றுவதால் இதனைப் பயிருக்குப் பகையென்று எண்ணிப் பலர் நசுக்கிவிடுகின்றனர். உண்மையில் வண்டும் புழுவும் நாள்தோறும் அழுக்கணவன்களைத் தின்று வாழ்வன. பூச்சிகளுக்கிடையே தவிட்டு நிறத்தில் ஊதிக் காய்ந்த உடல்கள் தென்பட்டால், சிறு குளவிகளும் தம் வேலையைத் தொடங்கிவிட்டன என்று கொள்க. இவை பெருகி நிற்கும் தோட்டத்தில் மருந்து தெளிப்பவர் தம் கூலியாட்களைத் தாமே விரட்டியவராவர். மருந்துக்குத் தப்பிய அழுக்கணவன் ஒரு கிழமையில் மீண்டும் பெருகும். பொறிவண்டு அவ்வளவு விரைவிற் பெருகாது.

பூத்தபின் கையாளத்தக்கவற்றுள் எளியது சவர்க்கார நீர். சலவைக் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, பத்து லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் கரைத்து, மாலையில் தெளித்தல் வேண்டும். சலவைத் தூள் இலையைக் கருக்குமாதலின் அது ஆகாது. கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவராயும் கடினமாயும் இருப்பதனாற் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துவிடும். அத்தகைய இடங்களில் மழைநீரையோ நல்ல நீரையோ பயன்படுத்துக. முதலில் இரண்டு மூன்று கொடிகளில் தெளித்து, இலை கருகாமை கண்டபின் மற்றவற்றுக்குத் தெளித்தல் நன்று. பூச்சியின் உடலிற் பட்டால் மட்டுமே இது கொல்லும். எனவே தெளிகருவியின் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் கீழ்ப்புறம் நனையச் செய்து, நான்கைந்து நாட்களின்பின் மீண்டும் தெளிக்க. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியிற் கட்டி, லீற்றருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்த சாறும் பயன் தரும். அதிலும் சிறிதளவு சவர்க்காரம் கரைத்தால் இலையில் ஒட்டும். பறித்த காயை நன்றாகக் கழுவியே விற்கவும் சமைக்கவும் வேண்டும்.

பூக்குமுன் பெரும்பாலான கொடிகளிற் பூச்சி ஏறி, பொறிவண்டும் அருகியிருப்பின், அப்போது நச்சு மருந்தை நாடலாம். எம்மருந்து என்பதைக் கடைக்காரரிடம் கேளாமல் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையிலோ கேட்டறிக. போத்தல் மூடியால் அளத்தல் பெருந் தவறு; மூடிகள் யாவும் ஒரே அளவின அல்ல. பத்து லீற்றருக்கு 10 மில்லி லீற்றர் என்று சுட்டுத்துண்டிற் கண்டால், பதினாறு லீற்றர்த் தாங்கிக்கு 16 மில்லி லீற்றரே ஊற்றுக. கையுறையும் முகமூடியும் நீண்ட கைச் சட்டையும் அணிந்து, காற்று ஓய்ந்த காலையிலோ மாலையிலோ தெளிக்க. பிற்பகலிற் கடற்காற்று எழுந்தபின் தெளிப்பது மருந்தை அயல்வீட்டு முற்றத்துக்கு அனுப்புவதாகும்.

நெல்வயலும் தோட்டமும் ஒருங்கே செய்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வயலில் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி தெளித்த கருவியையே பயிற்றைக்கும் எடுத்துச் செல்வது வழக்கமாயுள்ளது. தாங்கியிலும் குழாயிலும் எஞ்சிய சிறிதளவே பயிற்றைத் தளிரை முறுக்கிக் கொடியைக் கெடுத்துவிடும். அதனை நோயென்று எண்ணி மேலும் மருந்து வாங்குவோரும் உளர்! இரு வேலைக்கும் இரு கருவி வைத்தலே சிறந்தது. இயலாவிடின் பலமுறை நீரால் அலசி, சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி ஓரிரவு விட்டு, மீண்டும் அலசுக. இக்கழுநீரைக் கிணற்றருகே ஊற்றலாகாது. எம் மணல் நிலத்தில் நீர் மேலாகவே நிற்கிறது. ஊற்றியது விரைவில் ஊற்றுக்குள் இறங்கும்.

முன்னர் அழுக்கணவனுக்கு வழங்கிய மருந்துகள் பல இன்று சட்டப்படி விலக்கப்பட்டவை. மொனோகுரோட்டோபொசும் மெத்தமிடோபொசும் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. டைமெதோயேற்று 2008இலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. கொடிய நஞ்சுகள் நீக்கப்பட்டபின் நாட்டில் நஞ்சருந்தி இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. பழைய போத்தல் ஏதும் வீட்டிலிருப்பின் பயன்படுத்தற்க. கையிலுள்ள மருந்தையும் பூட்டிய பெட்டியில் வைத்து, திறவுகோலைப் பொறுப்புள்ள ஒருவரே வைத்திருக்க.

பெரும்போகத்தில் வெப்பந் தாங்கும் கோவா இனங்களை நடுவோர்க்கு ஒரு சொல். கோவாவில் வருவது வேறினத்து அழுக்கணவன். இலை மெழுகுப் பூச்சுடையதாதலின் வெறும் நீர்க்கரைசல் உருண்டோடிவிடும். ஒட்டுவதற்குச் சவர்க்காரமோ உரிய ஒட்டுபொருளோ வேண்டும். இலைகள் மூடிக் குருத்துத் திரண்டபின் உள்ளே ஒளிந்த பூச்சியை மருந்து எட்டாது. எனவே நாற்றுப் பருவத்திலும் அதனை அடுத்துமே கவனம் செலுத்துக.

வேலியையும் மறவாதீர். சீமைக்கிளுவைத் தளிரிலும் இதே கரிய அழுக்கணவன் வாழ்கிறது. பயிற்றை விதைக்குமுன் தோட்டத்து வேலியைப் பார்த்து, பூச்சியேறிய தளிர்களை வெட்டி அகற்றுக. காய்ப்பு ஓய்ந்த பழங்கொடிகளையும் தடியிலேயே காயவிடாது உடனே பிடுங்கிவிடுதல் வேண்டும். பக்கத்துப் பாத்தியில் அடுத்த விதை முளைக்குமுன் இவ்வேலை முடிந்திருத்தல் நலம்.