எளிய மனிதரின் முகம்

நுழையும்முன்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருவோர் நாயகனைப் பற்றிப் பேசுவர். நாயகியைப் பற்றிப் பேசுவர். வீடு திரும்பிய பின், எதிர்பாராத ஒரு வேளையில், அந்தப் படத்தின் ஓரத்தில் நின்ற முதியவர் ஒருவரின் முகம் நினைவில் எழும். அந்த முகத்துக்கு உரியவரே குணச்சித்திர நடிகர். கதையை நடத்திச் செல்பவர் நாயகர் என்றால், அக்கதை நிகழும் உலகை நம்பச் செய்பவர் குணச்சித்திர நடிகர். ஸ்பெயின் நாட்டுத் திரைக்கலையில் அவ்வாறு விளங்கிய ஹொசே இஸ்பெர்ட் ஏற்ற வேடங்களையும் அவை எழுப்பும் வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு வேடங்கள்

1912ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். ஸ்பெயினின் தலைமை அமைச்சர் ஹொசே கனலேஹாஸ், மத்ரித் நகரின் நடுவே புத்தகக் கடை ஒன்றின் முன் நின்று, உள்ளே அடுக்கப்பட்டிருந்த நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பர்தின்யாஸ் என்பவன் அவரைச் சுட்டுக் கொன்றான். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியை நடித்துக் காட்டும் குறும்படம் ஒன்று அவ்வாண்டிலேயே உருவானது. பேசாப்படக் காலத்தைச் சேர்ந்த அப்படத்தில் கொலையாளியாக நடித்தவர் 26 வயது நாடக நடிகர் ஒருவர். அவரே ஹொசே இஸ்பெர்ட்.

அரை நூற்றாண்டு கடந்தது. 1963ஆம் ஆண்டில், 77 வயதில், அவர் மீண்டும் உயிர் பறிப்பவராகத் திரையில் தோன்றினார். இம்முறை அவர் ஏற்றது அரசு ஊதியம் பெற்று மரண தண்டனையை நிறைவேற்றும் முதியவரின் வேடம். முதல் வேடத்தில் சட்டத்தை மீறிய கொலை. பின்னைய வேடத்தில் சட்டம் ஏவிய கொலை. இவ்விரண்டுக்கும் இடையே அவர் ஊர்த்தலைவராக, கண்டுபிடிப்பாளராக, கலங்கரை விளக்கக் காவலராக, பேரப்பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் தாத்தாவாக வாழ்ந்து காட்டினார். வேடங்கள் மாறினாலும் அவற்றில் தெரிந்தது ஒரே முகம். அது, தெருவில் நாள்தோறும் நம்மைக் கடந்து செல்லும் எளிய மனிதரின் முகம்.

குறையே கருவி

இஸ்பெர்ட் 1886ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மத்ரித் நகரில் பிறந்தார். இளமையிலேயே நாடகத் துறையில் நுழைந்து, அந்நகரின் லாரா அரங்கு உள்ளிட்ட மேடைகளில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றார். மக்கள் அவரைச் செல்லமாகப் ‘பெப்பே இஸ்பெர்ட்’ என்று அழைத்தனர்.

நாயகனுக்கு வேண்டுமெனக் கருதப்படும் தோற்றச் சிறப்பு எதுவும் அவருக்கு இல்லை. குள்ளமான, பருத்த உடல், உருண்டை முகம், அதில் எப்போதும் எதையோ தேடுவன போன்ற கண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொண்டையிலிருந்து உராய்ந்து உராய்ந்து வெளிவரும் கரகரத்த குரல். பேசாப்படத்தில் அக்குரலுக்கு இடமே இல்லை. பேசும்படம் வந்தபின், அதுவே அவரது அடையாளமாயிற்று. இருட்டறையில் கேட்டாலும் இன்னார் குரல் என்று ஸ்பெயின் மக்கள் சொல்லிவிடுவர். கணீரென்ற குரல் கட்டளையிடும்; கரகரத்த குரலோ கெஞ்சும், முணுமுணுக்கும், சாக்குச் சொல்லும். அதிகாரம் இல்லாத மனிதர்கள் பேசும் விதம் அதுதான். தம் குறையை மறைக்க முயலாமல், அதையே கருவியாக்கிக் கொண்டதில் அவரது கலையின் தொடக்கம் இருக்கிறது.

சிரிப்பின் மறைவில்

இஸ்பெர்ட்டின் சிறந்த வேடங்கள் யாவும் அவரது முதுமையில் அமைந்தவை. அக்காலச் சூழலை அறியாமல் அவ்வேடங்களின் ஆழத்தை உணர இயலாது. 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போருக்குப் பின், ஸ்பெயின் தளபதி பிராங்கோவின் தனியாட்சிக்குள் வந்தது. 1975இல் அவர் இறக்கும்வரை அவ்வாட்சி நீடித்தது. திரைக்கதைகளும் படங்களும் தணிக்கைக்கு உட்பட்டன. அரசையும் சமயத் தலைமையையும் நேரே குறைகூற எவராலும் முடியவில்லை.

நேரே சொல்ல முடியாததை நகைச்சுவையாகச் சொல்ல முற்பட்டனர் சில கலைஞர்கள். அவர்களுள் முதன்மையானவர் இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. அவருடைய படங்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தணிக்கையாளர் பார்த்ததும் ‘பாவம், கிழவர்’ என்று சிரிக்க வேண்டும். மக்கள் பார்த்ததும் ‘இது நம் கதை’ என்று உணர வேண்டும். அம்முகம் இஸ்பெர்ட்டிடம் இருந்தது.

மாடத்தில் நின்ற ஊர்த்தலைவர்

1953ஆம் ஆண்டு வெளிவந்த பெர்லாங்காவின் ‘வருக, மிஸ்டர் மார்ஷல்’ என்னும் படத்தில், வில்யார் தெல் ரியோ என்ற கற்பனைச் சிற்றூரின் தலைவர் தொன் பாப்லோவாக இஸ்பெர்ட் நடித்தார். இரண்டாம் உலகப்போரில் சிதைந்த ஐரோப்பிய நாடுகளுக்கு அமெரிக்கா மார்ஷல் திட்டத்தின்வழி உதவி வழங்கியது. ஸ்பெயின் அத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. இந்த ஏக்கமே படத்தின் கரு.

அமெரிக்கர்கள் தம் ஊர்வழியே வரவிருப்பதாகச் செய்தி வருகிறது. அவர்கள் மனம் மகிழ்ந்தால் உதவி கிடைக்கும் என்று நம்பிய ஊரார், தம் ஊரையே வேறோர் ஊராக ஒப்பனை செய்கின்றனர். அயலார் எதிர்பார்க்கும் அந்தலூசியப் பகுதியின் உடையும் பாட்டும் சுவர்க்கோலமும் கஸ்தீலியச் சிற்றூர் ஒன்றில் ஒரே நாளில் முளைக்கின்றன. ஒவ்வொருவரும் வரிசையில் நின்று, தமக்கு வேண்டிய ஒரு பொருளின் பெயரைப் பதிவு செய்கின்றனர்.

தலைவர் மாடத்தில் நின்று ஊராரிடம் உரையாற்றும் காட்சி ஸ்பெயின் மக்கள் இன்றும் நினைவுகூர்வதாகும். உங்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன் என்று அவர் தொடங்குகிறார். அடுத்த வாக்கியமும் அதையே சொல்கிறது. அதற்கடுத்ததும் அதையே சொல்கிறது. விளக்கம் வந்தபாடில்லை. சொற்பொழிவின் உருவம் முழுமையாக இருக்க, உள்ளீடு மட்டும் இல்லாத அந்த உரையைக் கேட்டு மக்கள் சிரித்தனர். அவர்கள் அன்றாடம் கேட்டுவந்த மேடைப் பேச்சுகளும் அச்சிரிப்பினூடே நினைவுக்கு வந்தன.

இறுதியில் அமெரிக்கர்களின் கார்கள் புழுதி பறக்க வருகின்றன; நில்லாமலேயே சென்றுவிடுகின்றன. ஒப்பனைக்கான செலவை ஊரார் தம் உடைமைகளைக் கொடுத்துத் தீர்க்கின்றனர். ஏமாந்த தலைவரை இஸ்பெர்ட் கேலிப்பொருளாக்கவில்லை. வீண் பெருமையும் ஊர்மீதுள்ள உண்மையான அன்பும் ஒருசேரக் குடிகொண்ட மனிதராக அவரைக் காட்டினார். அதனால்தான் சிரித்த கண்கள் அக்காட்சியில் கலங்குகின்றன.

வானொலி முதல் கலங்கரை விளக்கம் வரை

1955இல் வெளிவந்த ‘வானொலிக் கதைகள்’ என்னும் படத்தில் அவர் வறிய கண்டுபிடிப்பாளர். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப் பணமில்லை. எஸ்கிமோ உடையில் நாயுடன் முதலில் வந்து சேர்பவருக்குப் பரிசு என்று வானொலி அறிவிக்க, அவர் அவ்வுடையை அணிந்துகொண்டு மத்ரித் தெருக்களில் விரைகிறார். வேடிக்கையான உடைக்குள்ளே ஒரு மனிதரின் வாழ்நாள் கனவு வியர்த்துக்கொண்டிருப்பதை அவரது மூச்சிரைப்பு உணர்த்துகிறது.

அடுத்த ஆண்டு வந்த ‘கலபுச்’ படத்தில் கடற்கரைச் சிற்றூரின் கலங்கரை விளக்கக் காவலராகத் தோன்றினார். ஊர்ப் பாதிரியாருடன் தொலைபேசி வழியே சதுரங்கம் ஆடும் அக்காவலரின் சிடுசிடுப்பிலும் நட்பு இழையோடியது. 1957இன் ‘வியாழன்தோறும் அற்புதம்’ படத்தில், வருவாய் குன்றிய ஊரை மீட்பதற்காகப் புனிதர் தோன்றியதாக ஊர்ப் பெரியவர்கள் நாடகமாடுகின்றனர். புனிதர் வேடம் புனைபவர் இஸ்பெர்ட். அச்சத்தில் நடுங்கும் அந்தப் போலிப் புனிதரைத் தணிக்கையாளர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. படத்தில் பல மாற்றங்களைச் செய்வித்தனர்.

1962இல் வெளியான ‘பெரிய குடும்பம்’ அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் தாத்தாவாக்கியது. கிறிஸ்துமஸ் காலம், மத்ரித்தின் பெருஞ்சதுக்கம் எங்கும் கடைகள், கூட்டம். சிறுவன் சென்ச்சோ கைநழுவிப் போகிறான். அவன் பெயரைச் சொல்லி உடைந்த குரலில் கூவியபடி அலைகிறார் முதியவர். கரகரத்த அக்குரலில் ஒரு பெயர் மட்டுமே ஒலிக்கிறது. வேறு வசனம் அங்குத் தேவைப்படவில்லை.

ஆசை என்னும் சிறு வண்டி

அன்புக்குரிய தாத்தாவின் அதே முகம் எத்துணை அச்சம் தரவல்லது என்பதை, அதற்கு ஈராண்டுகள் முன்னரே, இத்தாலிய இயக்குநர் மார்க்கோ ஃபெரேரி காட்டியிருந்தார். ரஃபாயேல் அஸ்கோனாவின் கதையைக் கொண்டு 1960இல் அவர் உருவாக்கிய படத்தின் பெயர் ‘எல் கொச்சேசித்தோ’. ‘சிறு வண்டி’ என்பது அதன் பொருள்.

தொன் அன்செல்மோ என்னும் முதியவர் நலமாக நடக்கக் கூடியவர். அவருடைய நண்பர்களோ நடக்க இயலாதவர்கள். பொறி பொருத்திய சக்கர நாற்காலிகளில் கூடி உலாப் போகின்றனர். வீட்டில் அவருடன் பேச எவருக்கும் நேரமில்லை. நண்பர்களோடு இருக்க வேண்டுமானால் தமக்கும் அத்தகைய வண்டி வேண்டும் என்று அவர் எண்ணுகிறார். கால் வராதது போல் நடிக்கிறார். மறைந்த மனைவியின் நகைகளை விற்கிறார். மகன் தடுத்துவிட, குடும்பத்தார் உண்ணும் உணவில் நஞ்சைக் கலக்கிறார். இம்முடிவைத் தணிக்கை ஏற்காததால் ஸ்பெயினில் அது மாற்றப்பட்டது.

நஞ்சைக் கலப்பவரிடம் வன்மம் இல்லை. பொம்மைக்கு அடம்பிடிக்கும் குழந்தையின் பிடிவாதமே இருக்கிறது. காவலர் பிடித்துச் செல்கையிலும் சிறையில் வண்டியை வைத்துக்கொள்ள விடுவார்களா என்பதே அவர் கவலை. தனிமை ஒருவரை எங்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணி, பார்ப்போர் அவருக்காக இரங்குகின்றனர், இரங்கியதற்காக நாணுகின்றனர்.

கைப்பைக்குள் மரணம்

இஸ்பெர்ட்டின் கலை முழுமை பெற்றது பெர்லாங்காவின் ‘தண்டனை நிறைவேற்றுநர்’ படத்தில். 1963இல் வெளிவந்த இதன் திரைக்கதையிலும் அஸ்கோனாவின் பங்கு உண்டு. அக்கால ஸ்பெயினில், கைதியைத் தூணோடு பிணைத்து, கழுத்தில் பூட்டிய இரும்புப் பட்டையைத் திருகி இறுக்கும் தண்டனை வழக்கில் இருந்தது. அதனை நிறைவேற்றும் அரசுப் பணியாளர் அமதேயோவாக இஸ்பெர்ட் நடித்தார்.

அமதேயோ கொடியவர் அல்லர். பணி முடிந்து கையில் பையுடன் சிறையிலிருந்து வெளிவரும்போது, அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் எழுத்தரைப் போலவே தோன்றுகிறார். அப்பைக்குள் இருப்பவை கொலைக் கருவிகள். தம் முறை மின் நாற்காலியைவிட மனிதத்தன்மை வாய்ந்தது என்று, கைத்தொழில் வல்லவர் தம் தொழிலைப் பேசும் பெருமிதத்தோடு அவர் விளக்குகிறார்.

அவருடைய மகளை மணந்த ஹொசே லூயிஸ் பிணப்பெட்டி ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் பணியாளன். அரசு ஒதுக்கும் வீடு கிடைக்க வேண்டுமானால், மாமனார் ஓய்வு பெற்றபின் மருமகன் அதே பணியை ஏற்க வேண்டும். கையொப்பமிட்டால் போதும், வேலை வராது. வந்தாலும் மன்னிப்பு ஆணை வந்துவிடும் என்று மாமனார் கனிவோடு தேற்றுகிறார். ஒருநாள் வேலை வந்துவிடுகிறது. வெறிச்சோடிய வெண்ணிறக் கூடத்தில் இரு குழுக்கள் நடக்கின்றன. முன்னே, சாகப்போகும் கைதி. பின்னே, கால்கள் துவள இழுத்துச் செல்லப்படுபவன், கொல்லப்போகும் ஹொசே லூயிஸ்.

எல்லாம் முடிந்தபின், இனி ஒருபோதும் இதைச் செய்யேன் என்கிறான் அவன். நானும் முதல்முறை அப்படித்தான் சொன்னேன் என்று அமைதியாக மறுமொழி கூறுகிறார் அமதேயோ. அவ்வொரு மறுமொழியில் படத்தின் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது. கொடுமை நிலைபெறுவதற்குக் கொடியவர்கள் வேண்டியதில்லை. வீடும் ஊதியமும் வேண்டிநிற்கும் நல்லவர்கள், ஒவ்வொரு முறையும் சற்றே வளைந்து கொடுத்தால் போதும்.

அவ்வாண்டு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஸ்பெயினில் அரசியல் கைதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. அதனைத் தொடர்ந்து வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டபோது, இத்தாலியில் இருந்த ஸ்பெயின் தூதர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். பன்னாட்டுத் திறனாய்வாளர்களின் விருதோ இப்படத்துக்கே கிடைத்தது.

விட்டுச் சென்ற வினா

1966ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், 80ஆம் வயதில் இஸ்பெர்ட் மத்ரித்தில் மறைந்தார். தனியாட்சி நீங்கியபின் 1978இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பு, போர்க்கால இராணுவச் சட்டம் நீங்கலாக, மரண தண்டனையை ஒழித்தது. அந்த விலக்கும் 1995இல் நீக்கப்பட்டது. ஆயினும் அமதேயோவின் வினா முடிந்துவிடவில்லை.

தீயவனாக நடிக்கும் நடிகர் பலர், ‘இவன் வேறு, நாம் வேறு’ என்று பார்ப்போர் நிம்மதி அடையச் செய்வர். இஸ்பெர்ட் அந்த நிம்மதியைத் தரவில்லை. பேரனைத் தேடி அழுத குரலிலேயே தண்டனைக் கருவியின் சிறப்பையும் பேசினார். அன்பும் கோழைத்தனமும் ஒரே வீட்டில், ஒரே மனத்தில் குடியிருக்கும் என்பதைக் காட்டி, ‘உம் வாசலுக்கு அந்தக் கையொப்பத் தாள் வந்தால் என்ன செய்வீர்?’ என்று கேளாமல் கேட்டார். படம் முடிந்த பின்னும் அந்த முகம் நினைவில் நிற்பதற்கு அவ்வினாவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

‘வருக, மிஸ்டர் மார்ஷல்’ படத்தின் சிற்றூர்க் காட்சிகள் மத்ரித் அருகிலுள்ள குவாதலிக்ஸ் தெ லா சியர்ரா என்னும் ஊரில் படமாக்கப்பட்டன. இப்படம் 1953ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் நகைச்சுவைப் படத்துக்கான பரிசைப் பெற்றது. இஸ்பெர்ட்டின் மகள் மரியா இஸ்பெர்ட்டும் ஸ்பெயின் திரையுலகின் புகழ்பெற்ற குணச்சித்திர நடிகை ஆவார்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் பார்த்த திரைப்படம் ஒன்றில் உங்கள் மனத்தைக் கவர்ந்த குணச்சித்திர வேடத்தைப் பற்றி ஒரு பக்க அளவில் திறனாய்வு எழுதுக.

2. ‘கொடுமை நிலைபெறுவதற்குக் கொடியவர்கள் வேண்டியதில்லை’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஹொசே லூயிஸ் கையொப்பமிடுவதற்கு முந்தைய இரவில் அவனுக்கும் அமதேயோவுக்கும் இடையே நிகழும் உரையாடலைக் கற்பனை செய்து எழுதுக.