பருத்தி இழையும் தாவர ஓமோன்களும்

இலவம்பஞ்சினால் தலையணை நிரப்புகின்றோம். பருத்திப் பஞ்சினால் நூல் நூற்று வேட்டியும் சேலையும் நெய்கின்றோம். இரண்டும் வெண்மையானவை, இரண்டும் மென்மையானவை. அங்ஙனமிருக்க, ஒன்று நூலாதலும் மற்றையது நூலாகாமையும் எதனால்? இலவின் இழை காயின் உட்சுவரிலே தோன்றுவது, வழுவழுப்பானது, முறுக்கற்றது. பருத்தியின் இழையோ விதையின் புறத்தோலிலே முளைப்பது. உலருங்கால் தானாகவே முறுக்கேறுவது. அம்முறுக்கே இழையோடு இழையைப் பிணித்து நூலாக்குகின்றது. பெண்டிர் பருத்தி நூற்ற செய்தியைப் புறநானூற்றிலே காண்கின்றோம். அத்துணைப் பழமையான இப்பொருளின் வளர்ச்சியைக் கண்ணுக்குப் புலனாகாத சில இரசாயனப் பொருள்கள் எவ்வாறு ஆளுகின்றன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கலம், ஓர் இழை

பருத்தி இழை ஒவ்வொன்றும் தனியொரு கலமே. மலர் விரியும் நாளையொட்டிச் சூல்வித்தின் மேற்றோற் கலங்களுள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு சிறு கொப்புளங்கள்போற் புடைத்தெழுகின்றன. இது முதற்பருவம். அடுத்து ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு அக்கலங்கள் நீளுகின்றன. கலத்தின் புன்வெற்றிடத்திலே வெல்லமும் பொற்றாசியமும் மலிக் அமிலமும் சேர, நீர் உட்புகுந்து வீக்க அமுக்கத்தைத் தருகின்றது. சுவர் நெகிழ்ந்து இடங்கொடுக்கின்றது. இவ்வாறு 0.02 மில்லிமீற்றர் அகலமேயுள்ள ஒரு கலம் 30 மில்லிமீற்றர் வரை, அஃதாவது தன் அகலத்தைப்போல் 1,500 மடங்கு, நீண்டுவிடுகின்றது!

நீட்சி ஓயுமுன்னரே, ஏறக்குறைய 16ஆம் நாளளவில், மூன்றாம் பருவம் தொடங்குகின்றது. சுவரின் உட்புறத்தே செலுலோசு படைபடையாகப் படிகின்றது. முதிர்ந்த இழையின் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேற்பட்டது செலுலோசே. ஐம்பது நாளளவிற் காய் வெடிக்கின்றது. கலம் இறந்து நீரிழந்து, குழாய் தட்டையாகி முறுக்கேறுகின்றது. இழையின் தொகையை முதற்பருவமும், நீளத்தை இரண்டாம் பருவமும், வலிமையைப் பெரும்பாலும் மூன்றாம் பருவமும் நிருணயிக்கின்றன என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

ஓமோன் என்பது யாது?

தாவரத்தின் ஓரிடத்திலே மிகச் சிறிதளவில் ஆக்கப்பட்டு, அவ்விடத்தோ பிறிதோரிடத்தோ வளர்ச்சியைத் தூண்டியோ தடுத்தோ நிற்பது ஓமோன். ஒளியை நோக்கி நாற்று வளைவதைச் சாள்ஸ் டார்வின் 1880இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வளைவுக்குக் காரணமான ஒட்சினை ஒல்லாந்தராகிய வென்ற் 1928இற் பிரித்துக் காட்டினார். நெற்பயிரை அளவிறந்து நெடுக்கச் செய்யும் பங்கசு நோயொன்றை ஆராய்ந்த யப்பானியராகிய குரோசாவா 1926இற் கண்ட தடயமே ஜிபரலின் பற்றிய அறிவுக்கு வித்தாயிற்று. எதிலீன் என்னும் வாயுவோ எம்மவர்க்குப் புதிதன்று. வாழைக்குலையைப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் கமக்காரர், பெயரறியாமலே புகையிலுள்ள எதிலீனைப் பயன்படுத்தி வந்தனர்.

குடுவையில் வளர்ந்த இழை

இவ்வோமோன்களுக்கும் பருத்தி இழைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டியவர்கள் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீஸ்லி, ரிங் என்னும் இருவர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அவர்கள் சூல்வித்துக்களைத் தாய்ச்செடியினின்றும் பிரித்துக் கண்ணாடிக் குடுவைகளிலே போசணைக் கரைசலில் வளர்த்தனர். கருக்கட்டாத சூல்வித்துக்களுக்கு ஓமோன் ஊட்டாதவிடத்து இழை வளரவில்லை. ஒட்சினும் ஜிபரலினும் ஊட்டியவிடத்துக் கருக்கட்டியவை போலவே இழைகளைத் தோற்றுவித்தன. அப்சிசிக் அமிலமோ வளர்ச்சியைத் தடுத்தது. வேர், இலை, தண்டு யாவும் நீங்கிய நிலையிற் செய்யப்பட்டமையால், விளைவுக்குக் காரணம் இன்னது என்று ஐயமறக் கூற இப்பரிசோதனை இடந்தந்தது.

பின்வந்தோர் வேறு ஓமோன்களையும் கண்டனர். பிராசினோஸ்டெரொயிட்டுக்கள் நீட்சிக்கு வேண்டப்படுவன என்பது 2005இலும், எதிலீன் நீட்சியை ஊக்குகின்றது என்பது பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வினால் 2006இலும் வெளியாயின. கனியைப் பழுக்கவைக்கும் அதே வாயு இழையை நீட்டவும் செய்கின்றது!

செய்தி கலத்தினுள் எவ்வாறு செல்கின்றது?

ஜிபரலினை எடுத்துக்கொள்வோம். நீட்சிக்குரிய பரம்பரையலகுகளை இயக்கும் புரதமொன்று இழைக்கலத்தில் உண்டு. டெல்லா எனப்படும் வேறொரு புரதம் அதனைப் பற்றிப் பிடித்து, தன் துணைப் புரதத்தோடு சேரவொட்டாது தடுக்கின்றது. ஜிபரலின் வந்ததும் அதன் வாங்கிப் புரதம் டெல்லாவைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகின்றது. விடுபட்ட புரதம் தன் துணையோடு கூடிச் சுவரை நெகிழ்த்தும் பரம்பரையலகுகளை இயக்குகின்றது; இழை நீளுகின்றது. சீன விஞ்ஞானிகள் 2014இல் இதனை விளக்கினர். எனவே, ஓமோன் இழையைத் தானே இழுத்து நீட்டுவதன்று; தடையை நீக்குவதே அதன் தொழில்.

வயலிலே தெளித்தாலென்ன?

அங்ஙனமாயின் வயலிலே ஓமோனைத் தெளித்து நீண்ட இழையைப் பெறலாமே என மாணவர் வினவலாம். காயினுள் மூடுண்டிருக்கும் சூல்வித்தை மட்டும் தேடிச் செல்லும் தெளிப்பு இல்லை. இழைக்கு நன்மை செய்யும் ஜிபரலின் தண்டையும் நெடுக்கச் செய்யும். செடி வீணே உயராதிருக்க, ஜிபரலின் ஆக்கத்தைத் தடுக்கும் மெபிகுவாற் குளோரைட்டைத் தெளிக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. ஒட்சின் போலத் தொழிற்படும் 2,4-டி என்னும் களைகொல்லி அயல்வயலிலிருந்து காற்றோடு வந்தாலே பருத்தியின் இலைகள் உருக்குலைந்துவிடும். ஆயினும் நப்தலீன் அசற்றிக் அமிலம் என்னும் செயற்கை ஒட்சினைப் பத்து இலட்சத்துக்கு 40 பங்கு என்னும் அளவிலே தெளித்து, மொட்டும் பிஞ்சும் உதிர்வதைத் தமிழ்நாட்டுக் கமக்காரர் தடுக்கின்றனர். இடமும் காலமும் அளவும் பிழைத்தால் மருந்தே நஞ்சாகும்.

இம்மூன்றையும் பொருத்திக் காட்டிய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. சீனத்துத் தென்மேற்குப் பல்கலைக்கழகத்தார், ஒட்சின் ஆக்கும் பற்றீரியப் பரம்பரையலகொன்றைச் சூல்வித்தின் மேற்றோலில், இழை தோன்றும் காலத்தில் மட்டும் இயங்குமாறு பருத்தியிற் புகுத்தினர். நான்காண்டு வயற்பரிசோதனையிற் பஞ்சின் விளைவு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் உயர்ந்தது, இழையும் நுண்மையுற்றது.

எஞ்சியுள்ள வினா

பரம்பரையலகைத் தொடாமலே கோயம்புத்தூரில் உருவான பெருமை சுவின் பருத்திக்கு உண்டு. சுஜாதா, செயின்ற் வின்சென்ற் என்னும் இரு வகைகளைக் கலந்து 1974இல் வெளியிடப்பட்ட அது, மிக நுண்ணிய நூலுக்குரிய நீளிழை தருவது. திருநெல்வேலிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணியோ குறுகிய இழையுடையது. ஆயின் வறட்சியைத் தாங்குவது. நீர் குறையுங்கால் தாவரத்திற் பெருகும் அப்சிசிக் அமிலமே இழை நீட்சியைத் தடுப்பதாகவும் உள்ளது. ஆகையால், வறட்சியையும் தாங்கி நீண்ட இழையையும் தரும் பருத்தியைப் பெறுதல் எளிதன்று. வற்றாத ஆறில்லாத, கிணற்று நீரையே நம்பிய குடாநாட்டில் வாழும் எமக்கு இவ்வினாவின் அருமை நன்கு விளங்கும். நெல்லியடியில் இன்று தாவரவியல் பயிலும் மாணவருள் ஒருவரேனும் இதனைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வாராயின், அது எமது கல்லூரிக்குப் பெருமை தருவதாகும்.