வேலியோரத்து முருங்கையும் வீட்டாரின் போஷாக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் முருங்கை நில்லாத வளவுகள் சிலவே. ஆயினும் அதன் காயே சந்தைக்குச் செல்கின்றது. காய்க்கு விலையுண்டு என்பதனாலேயே மரத்துக்கும் மதிப்புண்டு. இலை பெரும்பாலும் ஆட்டுக்குக் குழையாகிவிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவும் கோதுமை மாவும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாப் பொருள்களாயின. வளவில் நின்ற முருங்கையிலை மாத்திரம் விலையேறவில்லை.

இவ்விலையை முதன்மையாக வேண்டி நிற்பவர்கள் தாய்மாரும் சிறுவருமேயாவர். மாதவிடாயினாலும் மகப்பேற்றினாலும் பெண்ணின் உடல் இரும்புச்சத்தை இழக்கின்றது. இழந்தது உணவினால் ஈடுசெய்யப்படாவிடின் இரத்தச்சோகை உண்டாகும். சிறு வேலைக்கும் களைப்பு, மூச்சிரைப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளிறுதல் ஆகியன இதன் அறிகுறிகள். கருவுற்றிருக்கும் தாய்க்கு இக்குறை மிகுந்தால் குழந்தை நிறை குறைந்தோ, காலத்துக்கு முன்னரோ பிறத்தல் கூடும். கிளினிக்கில் வழங்கப்படும் இரும்புச்சத்துக் குளிசைகளை இக்காலத்தில் தவறாது உட்கொள்ளல் வேண்டும். முருங்கையிலை குளிசைக்குத் துணையேயன்றி அதற்குப் பதிலாகாது.

நூறு கிராம் பச்சை முருங்கையிலையில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. அதே நிறையுள்ள பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் மாத்திரமே உண்டு. கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ஏயை உடல் ஆக்கிக்கொள்ளுதற்குரிய சத்தும், புரதமும், இரும்பும் இவ்விலையில் உள்ளன. ஆனால் இலையிலுள்ள இரும்பு முழுவதும் உடலிற் சேர்வதில்லை. ஒரு சிறு பங்கே சேரும். அப்பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் நமது அடுக்களைப் பழக்கங்களே.

முருங்கையிலை வறையை எடுத்துக்கொள்வோம். இலையை உருவிக் கழுவி, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, சிறிதளவு நீரில் மூடி அவித்து, தேங்காய்ப்பூ இட்டு இறக்குதல் நம்மவர் வழக்கம். இது நல்ல வழக்கமே. தேங்காயிலுள்ள எண்ணெய்ச்சத்து, விற்றமின் ஏக்குரிய சத்தை உடல் ஏற்க உதவுகின்றது. அவித்த நீரை ஊற்றிவிடலாகாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுதல் வேண்டும். அதிலுள்ள விற்றமின் சீ வெப்பத்தினால் அழியும், அழியாது நின்றால் இலையின் இரும்பை உடலிற் சேர்க்கும். ஒருபிடி நெத்தலியைக் கூடச் சேர்ப்பின் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். இரவில் இலைக்கறி ஆகாது என்பாரும் உளர். அவர்கள் பகலில் உண்பாராக, நட்டமொன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் பயனைக் கெடுப்பது உணவோடு அருந்தும் தேநீர். சோறுண்ட கையோடு தேநீர் குடித்தல் நம் கிராமங்களில் விருந்தோம்பலாகவே ஆகிவிட்டது. தேயிலையிலுள்ள துவர்ப்புச்சத்து இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரமாவது செல்லவிடுக. குளிசையையும் தேநீருடன் விழுங்கலாகாது.

இன்னுமொன்று கூறவேண்டும். அது சமையலைப் பற்றியதன்று, பரிமாறுவதைப் பற்றியது. கமத்திலிருந்து வரும் ஆண்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் முதலில் உண்பர். தாய் கடைசியில் உண்பாள். அப்போது சட்டியில் சோறும் சொதியும் இருக்கும், வறையும் மீனும் இரா. அவளுடைய பங்கை முதலிலேயே வேறாக எடுத்து மூடிவைத்தல் வேண்டும். இதனைத் தாயே செய்யமாட்டாள். கணவன் சொல்லிச் செய்விக்க வேண்டியதாகும். பாலூட்டும் காலத்திலும் இது பொருந்தும். ஆறு மாதம் நிறைந்து தாய்ப்பாலுடன் வேற்றுணவு தொடங்கும் குழந்தைக்கு, இலையை நன்றாக அவித்து மசித்துக் குழைசோற்றுடன் ஊட்டலாம்.

மரமில்லாதவர் மாரிமழை தொடங்குமுன் நடுதல் நன்று. மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கொம்பை நான்கடி நீளத்தில் வெட்டி, ஓரிரு நாள் நிழலில் வைத்து, ஒன்றரையடி ஆழத்தில் நட்டு, மேல்வெட்டில் சாணி அப்புக. வெள்ளம் நிற்கும் இடத்தில் வேர் அழுகும். இலைக்கென வளர்க்கும் மரத்தை உயர விடாது நெஞ்சளவில் அடிக்கடி வெட்டிவரின், கையெட்டும் உயரத்தில் இளந்தளிர் ஓயாது கிடைக்கும். மழைக்காலத்தில் மயிர்க்கொட்டிகள் பகலில் அடிமரத்திற் கூட்டமாய் ஒட்டியிருக்கும். பந்தம் கொளுத்தி அவ்விடத்திலேயே அழித்துவிடலாம். உண்ணும் இலைக்கு நஞ்சு தெளித்தல் வேண்டாம்.

இலை மலிந்த காலத்தில் மிஞ்சியதைக் கழுவி நிழலில் உலர்த்துக. வெயிலிற் காயவைத்தால் விற்றமின் ஏக்குரிய சத்துக் குறையும். கையால் நொறுங்கும் பதத்தில் இடித்து அரித்து, ஈரம் புகாத போத்தலில் அடைத்து வைத்தால், இலை அருகும் கோடை மாதங்களில் குரக்கன் பிட்டு மாவுடன் ஆளுக்கொரு தேக்கரண்டி சேர்த்து அவிக்கலாம். குரக்கனும் நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உடையது. கசப்புத் தெரியாதிருக்கத் தேங்காய்ப்பூவைச் சற்றுக் கூட்டிக்கொள்க.