மறுபடி ஒழுகும் சீல்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ கிராங்கின் ரியர் சீல் மாற்றிக் கொடுத்த அந்த டீசல் கார் மறுபடியும் ஒழுகுகிறது, சீல் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியவை உண்டு.

டேப்பட் கவர் கேஸ்கெட்டில் கசிகிற ஆயிலும் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து பெல் ஹவுசிங் அடியில்தான் சொட்டும். விரலில் தொட்டு முகர்ந்து பார். கந்தக வாடை வந்தால் அது கியர் ஆயில், கிராங்க் சீலுக்குச் சம்பந்தமில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திற. லேசாக ஊதுவது சகஜம். குபுகுபுவென்று தள்ளினால் பிரீதர் அடைத்திருக்கும், இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறிக் கிடந்தால் எந்தக் கம்பெனி சீலும் தாங்காது. சீல் மேல் சீல் மாற்றியும் அடங்காத வண்டிகள், பிரீதர் குழாயைச் சுத்தம் செய்ததும் அடங்கியிருக்கின்றன.

சீல்தான் என்று உறுதியானால், பழையதைக் கழற்றும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரில் அளந்து குறித்துக்கொள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதே. கிராங்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புதுச் சீலும் ஒழுகும். சீலின் தகட்டில் சின்ன ஸ்க்ரூவை ஏற்றிப் பிளையரால் இழு. பிறகு கிராங்கில் சீலின் உதடு ஓடிய இடத்தை நகத்தால் தடவிப் பார். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ஆயில் திரும்பும் துளையை மறைக்காதபடி இடமிருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வை. பள்ளம் ஆழமாக இருந்தால் ஸ்லீவ் போட வேண்டும். எமரி போடுவதானால் மிக நைசானதை, சுற்றுவாக்கில் மட்டும் போடு. குறுக்கே தேய்த்த கோடுகள் வழியாகவே ஆயில் வெளியே வந்துவிடும்.

ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். இது உனக்குத் தெரியும். ஆனால் சில சீல்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதையும் பார். ரப்பர் உதடு என்றால் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவு. உலர்ந்தபடி ஸ்டார்ட் செய்தால் உதடு கருகிவிடும். ஸ்பிரிங் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் வை, தட்டும்போது ஸ்பிரிங் எகிறாது. இப்போதைய கார்கள் பலவற்றில் வரும் டெஃப்லான் சீலுக்கு எல்லாம் தலைகீழ். அதில் ஆயிலோ கிரீஸோ தொடவே கூடாது, உதட்டில் விரலும் படக் கூடாது. கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தோடு கிராங்கில் ஏற்றி, சில மணி நேரம் விட்ட பிறகுதான் எஞ்சினை ஓட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் ஆயில் தடவித்தான் பலர் கெடுக்கிறார்கள். உன் வண்டியில் எந்த வகை என்று நீ எழுதவே இல்லை.

சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான குழாயை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டு. நான்கு பக்கமும் ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று அள. சில எஞ்சின்களில் ஃப்ளைவீல் போல்ட் துளை உள்ளே ஆயில் வரை போகும். அந்தப் போல்டுகளுக்கு சீலன்ட் போடாமல் விட்டால் அது வழியாகக் கசியும், பழி சீல் மேல் விழும்.

கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி மாட்டாதே, உதறும். மாற்ற வேண்டிவரும் என்று வண்டிக்காரரிடம் கியர்பாக்ஸை இறக்கும் முன்பே சொல்லிவிடு. இந்தத் தடவை இறக்கி ஏற்றுகிற கூலியை அவரிடம் கேட்காதே.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா