எந்தப் பதிவைக் கேட்பது?

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். போனில் பேசலாமென்றால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு யாரோ வீட்டுக் கல்யாணக் கதைக்குப் போய்விடுவாள். அதனால் சாவகாசமாகக் கடிதமே எழுதிவிடுகிறேன்.

இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ வழியாக பாக்கிடம் வந்து சேர்ந்திருக்கிறாய். 1986இல் அது வெளிவந்ததிலிருந்து நம்மவர் பலருக்கு அதுதான் வாசல். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் ஓடுவது பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டா என்பதை நீயே கண்டுபிடித்துவிட்டாயாமே, சந்தோஷம். அடுத்து கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்று தேடப்போக, திரை முழுக்க அட்டைப்படங்களாக வந்து குவிய, “இதில் எது பெஸ்ட் பெரியம்மா, ஒரே வரியில் சொல்லுங்கள்” என்று கேட்கிறாய்.

ஒரே வரி: பியானோவில் க்ளென் கூல்ட், 1981. எடுத்துக்கொள். ஒரு மாதம் வேறு எந்த கோல்ட்பர்க்கையும் தொடாதே.

நீ கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்குப் பெரிது. இரண்டாவதாக எதைக் கேட்பது? பெயர் பெற்ற கலைஞர் எவரிடமிருந்து தொடங்கினாலும் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. முதலில் கேட்டது காதில் சட்டமாக உட்கார்ந்துகொள்வதுதான் தொல்லை. அப்புறம் வருகிறவரெல்லாம் அவசரக்காரராகத் தெரிவார், இல்லாவிட்டால் இழுப்பதாகத் தெரியும். அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் இரண்டாவது பதிவின் வேலை. அதனால் முதலாவதிலிருந்து நன்றாக விலகி நிற்கிற ஒன்றாகப் பார்த்து எடு. மூன்றாவது, நாலாவதெல்லாம் பிறகு தானாக வரும்.

உனக்கு வசதியாக, கூல்டே அந்த வேலையைச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1955 ஜூனில், 22 வயதில், நியூயார்க் 30ஆம் தெருவில் இதே கோல்ட்பர்க்கைப் பதிவு செய்தார். பழைய தேவாலயம் ஒன்றை கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்த இடம் அது. 26 வருஷம் கழித்து அதே கூடத்துக்குத் திரும்பிப்போய் அதையே மறுபடி வாசித்தார். அந்தத் தட்டு 1982 செப்டம்பரில் கடைக்கு வந்தது. அக்டோபர் 4ஆம் தேதி ஆள் போய்விட்டார். வயது 50.

இரண்டிலும் முதலில் வரும் ஏரியாவை மட்டும் போட்டுப் பார். 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1981இல் மூன்று நிமிடத்தைத் தாண்டும். நேர வித்தியாசத்தை யாரும் சொல்லிவிடுவார்கள், நீ இடது கையைக் கவனி. இளவயதுப் பதிவில் மேலே போகும் மெட்டு உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், கீழே ஓடுவது துணைக்கு வருவதுபோல் இருக்கும். பிந்தியதில் ஒவ்வொரு கீழ்ச் சுரமும் தனித்தனியாக எடுத்து வைத்தது போல விழும். இதில் விஷயம் இருக்கிறது. பின்னால் வரும் 30 வேரியேஷன்களும் அந்த மெட்டின் மேல் எழுந்தவை இல்லை. கீழே ஓடும் அந்த பேஸ் வரியின் மேல் எழுந்தவை. மெட்டையே தேடிக்கொண்டு போனால் இரண்டாவது வேரியேஷனிலேயே தொலைந்துபோவாய். 1981 பதிவை முதலில் கேள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம், இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

அடுத்து, செயலி காட்டுகிற மொத்த நேரத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. 1955 பதிவு 38 நிமிடம் சொச்சம். 1981 பதிவு 51. ஆந்த்ராஷ் ஷிஃப் 2001இல் வாசித்தது 70ஐத் தாண்டும். ஷிஃப் ஆமை வேகம் என்று அர்த்தமா? இல்லை. ஒவ்வொரு வேரியேஷனும் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் குறி போட்டிருக்கிறார் பாக். கூல்ட் 1955இல் அந்தக் குறி ஒன்றையும் மதிக்கவில்லை. 1981இல் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். ஷிஃப் எல்லாவற்றையும் திருப்பி வாசிக்கிறார், திரும்ப வரும்போது சின்னச் சின்ன அலங்காரங்களை மாற்றுகிறார். கல்யாணி ஆலாபனையில் அதே பிடி இரண்டாம் தரம் வரும்போது நீ காதைத் தீட்டிக்கொள்வாயே, அந்தக் காதோடு இதையும் கேள்.

இன்னொரு வேடிக்கை. 25ஆவது வேரியேஷன் மைனரில் எழுதியது, மொத்தத்திலும் துக்கமானது. முதிர்ந்த கூல்ட் இங்கே இன்னும் இழுப்பார் என்றுதானே நினைப்பாய்? 1955இல் ஆறரை நிமிடம் போனதை 1981இல் ஆறு நிமிடத்திலேயே முடித்துவிடுகிறார். முந்தையதில் உணர்ச்சியைக் கொட்டிவிட்டேன் என்று அவருக்கே பின்னாளில் குறை இருந்தது. முதல் வேரியேஷனிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே துடிப்பு உள்ளே ஓடவேண்டும் என்பது பிந்திய வயதுக் கணக்கு. எனக்கோ 25ஆவதற்கு மட்டும் 1955தான். கொட்டினால் கொட்டட்டும், 22 வயதுப் பையன்தானே.

கூல்ட் வாசிக்கும்போது கூடவே முனகுவார். உன் ஹெட்ஃபோன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு எடுத்துப் போய்விடாதே. அப்பா செய்துகொடுத்த மட்டமான குட்டை நாற்காலி ஒன்றை ஆயுள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அது கிறீச்சிடுவதும் கேட்கும். இதைப் பொறுக்காதவர்கள் உண்டு. பொறுக்கவில்லையென்றால் மரே பெராயா வாசித்தது இருக்கிறது, அங்கே போ. தப்பே இல்லை.

பியானோவில் பழகியபின் ஹார்ப்சிகார்டுக்கு வா. பாக் 1741இல் அச்சிட்டபோது இரண்டு விசைப்பலகை உள்ள ஹார்ப்சிகார்டுக்கு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார். இரண்டு கையும் ஒரே இடத்தில் குறுக்கே புகுந்து போகிற வேரியேஷன்கள் அதில் இருக்கின்றன. ஒற்றை விசைப்பலகையான பியானோவில் விரல்கள் முட்டிக்கொள்ளும். ஹார்ப்சிகார்டில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. கஸ்டாவ் லியோன்ஹார்டை எடுத்துக்கொள். வாண்டா லாண்டோவ்ஸ்கா 1933இல் பாரிஸில் வாசித்ததும் கிடைக்கிறது. அவருடைய பிளேயல் கருவி இரும்புச் சட்டம் போட்ட பெரிய ராட்சதம், பாக் கேட்டிருக்கக்கூடிய சத்தம் அது இல்லை. ஆனாலும் அந்த அம்மாளின் மிடுக்கு மிடுக்குத்தான்.

கூடவே ஒன்று: பழைய கருவிகளில் வாசிப்பவர்கள் பலர் சுருதியை 440க்குப் பதில் 415இல் வைப்பார்கள். நம் கணக்கில் அரைக்கட்டை இறக்கம். உன் கீபோர்டில் சேர்ந்து வாசிக்கப் பார்த்தால் ஒட்டாது. டிரான்ஸ்போஸில் ஒன்று குறைத்துக்கொள், சரியாகிவிடும்.

பாக்கின் ஆறு செல்லோ சூட்களுக்குப் பதிவு தேடுவதும் இதே சங்கதிதான், இன்னும் சிக்கலாக. பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவே இல்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எழுதிய நகலும் வேறு சில நகல்களும்தான் கையில் இருக்கின்றன. ஒரே வில்லில் எத்தனை சுரத்தைச் சேர்ப்பது என்று காட்டும் வளைகோடுகள் அந்த நகல்களில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே தெரியாமல் கிடக்கும். ஆகவே வாசிக்கிற ஒவ்வொருவரும் தானே தீர்மானித்துத்தான் வில்லை வைக்கவேண்டும். “மூலத்தில் உள்ளபடி” என்று யாரும் உன்னிடம் அளந்தால் சிரித்துக்கொள். பாப்லோ காசல்ஸ் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் இந்த நோட்டைக் கண்டெடுத்தபோது 13 வயது. 1936க்கும் 1939க்கும் நடுவில்தான் லண்டனிலும் பாரிஸிலுமாக ஆறையும் பதிவு செய்தார். அதோடு ஆனர் பில்ஸ்மா 1979இல் பரோக் செல்லோவில் வாசித்ததை ஜோடி சேர். காசல்ஸ் நீண்ட வாக்கியமாகப் பேசுவார், நடுவே மூச்சு வாங்குவது கூடத் தெரியும். பில்ஸ்மாவிடம் இவை நடனங்கள் என்பது மறக்காது. கால் தரையை விட்டு எழும். பழைய 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்தது என்பதால் காசல்ஸ் பதிவில் இரைச்சல் இருக்கும். பத்து நிமிடம் பொறு, காது அதை ஒதுக்கிவிடும். ஆனால் ஆர்கெஸ்ட்ராவை மட்டும் அவ்வளவு பழைய பதிவில் முதன்முதலாகக் கேட்காதே. ஒற்றைக் கருவி அந்த இரைச்சலைத் தாங்கும், எண்பது பேர் வாசிப்பது தாங்காது.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி. எல்லாரும் முதல் நாலு தட்டை ஒப்பிட்டுக்கொண்டு கிடப்பார்கள். நீ வேறு இடத்துக்குப் போ. முதல் பகுதியில் அந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு ஹார்ன்கள் ஓர் அழைப்பு விடுத்து அடுத்த மெட்டைத் தொடங்கிவைக்கும். பின்பாதியில், ஓபோ மட்டும் தனித்து ஒரு சின்னப் புலம்பல் புலம்பும். அது முடிந்து அரை நிமிடத்துக்குள் அதே அழைப்பு திரும்பி வரும். ஆனால் இப்போது பீத்தோவன் அதை பாசூன்களுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது, மாறின சுருதியில் அந்தச் சுரங்கள் வாயைத் திறக்காது, குழாய் மாற்றவும் நேரமில்லை. வால்வு வந்தபின் நடத்துநர்கள் பலர் “பீத்தோவனுக்கு ஹார்ன்தானே ஆசை” என்று பாசூனை எடுத்துவிட்டு ஹார்னைப் போட்டார்கள். பழைய கருவிக்காரர்கள் பாசூனுக்கே திரும்பினார்கள். கார்லோஸ் க்ளைபர் 1974இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு பதிந்ததையும், கார்டினர் பழைய கருவிகளோடு 90களில் பதிந்ததையும் போட்டு அந்த ஓர் இடத்தை மட்டும் கேள். யார் ஊதுகிறார்கள், ஊதுவது கம்பீரமாக இருக்கிறதா கரகரப்பாக இருக்கிறதா என்று எனக்கு எழுது. நான் பாசூன் கட்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பதிவு தேடாதே. ஆண்டும் வேண்டும். கரயான் பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் நாலு தரம் ஸ்டூடியோவில் பதிந்திருக்கிறார். யோ யோ மா செல்லோ சூட்களை மூன்று தரம். “கரயானுடையது” என்று யாராவது சொன்னால், எந்தக் கரயான் என்று கேள். செயலி காட்டும் ஆண்டு பல சமயம் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும், அதையும் நம்பாதே. ஷஃபிளை அணைத்துவை, வேரியேஷன்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பதற்குப் பதில் கேட்காமலே இருக்கலாம். ஒரு பாட்டின் வாலில் அடுத்ததன் தலையை ஏற்றும் கிராஸ்ஃபேடையும் அணை. முக்கியமாக, இரண்டு பதிவை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள். எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஸ்பீக்கர் விற்கும் கடைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும்.

நேரடிக் கச்சேரிப் பதிவா, ஸ்டூடியோவா என்றும் கேட்டிருந்தாய். கூல்ட் 1964க்குப் பிறகு மேடையே ஏறவில்லை, டேப்பை வெட்டி ஒட்டுவதைப் பெருமையாகச் சொன்ன மனுஷன். ஃபுர்ட்வாங்லர் 1951இல் பைராய்ட்டில் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியோ அதற்கு நேர் எதிர். கடைசி சில விநாடிகளில் ஆர்கெஸ்ட்ரா கையை விட்டு ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கும். இரண்டும் இருக்கட்டும், கட்சி சேர வேண்டாம்.

‘கேட்டே தீரவேண்டிய நூறு பதிவுகள்’ வகைப் பட்டியல்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டாவது பதிவைத் தேட அவை உதவும், அவ்வளவுதான்.

லெந்து காலம் வரும்போது பாக்கின் மத்தேயு பாஷனை எடு. பெரிய வெள்ளியன்று நம் சர்ச்சில் பாமாலையிலிருந்து பாடுவோமே, முள்முடி சூடிய சிரசைப் பற்றின பாட்டு, அதே மெட்டு அதில் ஐந்து தரம் வரும். உனக்கு மனப்பாடமான மெட்டு என்பதால் ஒப்பிடுவது சுலபம். (1601இல் ஹாஸ்லர் என்பவர் காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டு அது. ஐயரிடம் சொல்லிவிடாதே.) 1961இல் பதிந்து முடித்த க்ளெம்பரர் பதிவில் ஆரம்பக் கோரஸ் மட்டும் பன்னிரண்டு நிமிடத்தை நெருங்கும், 1988இல் கார்டினர் ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவார். இரண்டிலும் அந்தப் பாட்டு வரும் இடங்களில், ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தை யார் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகிறார்கள், எங்கே நிற்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள் என்று பார். நம் சபையார் பாடும் வேகத்துக்கு க்ளெம்பரரே ஓட்டப்பந்தயக்காரர், அது வேறு.

பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள் பற்றியும் கேட்டிருந்தாய். முதலில் பாசூன் விவகாரத்துக்குப் பதில் வரட்டும், அப்புறம் அதற்கு வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா